காற்றுச் சுரங்கத்தில் 0.46, கணினியில் 0.29: எதை நம்பி அறிக்கை எழுதுவது?

தோவாளை_முல்லை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா முப்பந்தல் பக்கத்தில் ஒரு காற்றாலைப் பண்ணையில் ஆபரேட்டர், பதினெட்டு வருட அனுபவம். அவர் பார்ப்பதெல்லாம் பழைய 250 கிலோவாட் மெஷின்கள். ரோட்டர் விட்டம் சுமார் 30 மீட்டர், மூன்று இறக்கை. இறக்கையின் கோணம் மாறாது, காற்று மிஞ்சினால் ஸ்டால் ஆகி, அதாவது காற்று இறக்கையை ஒட்டாமல் பிரிந்து, தானே அடங்கும் வகை. ஒரே கம்பெனி, ஒரே வருடத்தில் நட்டவை. அவற்றில் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. காற்று விநாடிக்கு 6, 7 மீட்டர் வேகத்தில் வரும்போது இரண்டும் ஒன்றுபோல் ஓடும். 12-ஐத் தாண்டினால் மேற்குப் பக்கத்து மெஷின் பின்தங்கிவிடும். அப்பா மணிக்கு ஒரு தடவை காற்று வேகத்தையும் கிலோவாட்டையும் நோட்டில் குறிப்பார். "நல்ல ஒரு மழை பெய்தால் தெளிந்துவிடும்" என்பார். ஏன் என்று கேட்டால், "அதைத்தான் நீ படிக்கிறாய், நீ சொல்லு" என்பார். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

செய்தது இது. 40 செ.மீ. விட்டத்தில் மூன்று இறக்கை ரோட்டர் ஒன்றை 3டி பிரிண்ட் எடுத்தேன். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம் நாகா 4412 என்ற வகை. முக்கால் ஆரத்தில் இறக்கையின் அகலம் 3 செ.மீ. எங்கள் கல்லூரியின் காற்றுச் சுரங்கம் 60-க்கு 60 செ.மீ. சதுரம், நான்கு பக்கமும் மூடியது. காற்று வேகம் விநாடிக்கு 8 மீட்டர். அச்சில் ஒரு கப்பி மாட்டி, நூல் பிரேக்கும் ஸ்பிரிங் தராசும் வைத்து முறுக்குவிசை எடுத்தேன். ஒளி டாக்கோமீட்டரில் சுற்று எண்ணினேன். முனை வேக விகிதம் (இறக்கை நுனியின் வேகத்தைக் காற்று வேகத்தால் வகுத்தது) 4 இருக்கும்போது திறன் கெழு (காற்றின் திறனில் ரோட்டர் எடுக்கும் பங்கு) உச்சம் 0.46.

அதே ரோட்டரைக் கணினியில், காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் ஓட்டினேன். ஒரு இறக்கையை மட்டும் எடுத்து 120 பாகைத் துண்டு, கொந்தளிப்புக்கு கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. என்ற கணக்கு மாதிரி, வெளி எல்லை ரோட்டரிலிருந்து பத்து விட்டம் தள்ளி. இறக்கைப் பரப்பை ஒட்டிய முதல் செல் போதிய அளவு மெல்லியதா என்று காட்டும் ஒய்-பிளஸ் எண் 1-க்குக் கீழேதான் இருக்கிறது. மெஷை (கணக்குக்காக இடத்தைச் செல்களாகப் பிரித்த வலையை) இரண்டு தடவை நெருக்கிப் பார்த்தும் விடை அசையவில்லை: 0.29.

வழிகாட்டும் ஆசிரியரிடம் காட்டினேன். "கணினியில் உள்ளே வரும் காற்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டு, இரண்டு கோடும் பொருந்தும் வரை" என்றார். 9.3 வைத்தால் உச்சியில் பொருந்துகிறது. ஆனால் விகிதம் 2-இல் கணினி அதிகம் காட்டுகிறது, 5.5-இல் குறைவாகக் காட்டுகிறது. 8-இல் அளந்துவிட்டு 9.3-இல் கணக்குப் போட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா சொன்ன மழை விஷயத்தைச் சோதிக்க, இறக்கையின் முன்விளிம்பை ஒட்டிப் பசை தடவி நைசான மணலைத் தூவினேன். திறன் குறையும் என்று நினைத்தேன். 0.46 என்றிருந்தது 0.48 ஆகிவிட்டது! மூன்று நாள் திரும்பத் திரும்ப எடுத்தும் அதேதான். அழுக்கு இறக்கை நல்ல இறக்கையா? அப்பாவிடம் என்ன சொல்வது?

அறிக்கை கொடுக்க ஐந்து வாரம் இருக்கிறது.

---

ஏணிக்காரன்_ஆரல் எழுதியது:

மக்களே, எனக்கு கணினிக் கணக்கு தெரியாது. காத்தாடியில் ஏறிக் கயிற்றில் தொங்கி இறக்கை பழுது பார்க்கிற வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் எத்தனையோ மெஷின் ஏறியாச்சு. உன் அப்பா சொல்வது சரி.

சித்திரை, வைகாசியில் காற்று மெலிந்திருக்கும் சாயங்காலங்களில்தான் பூச்சி பறக்கும். இறக்கை சுற்றும்போது அதெல்லாம் முன்விளிம்பில் அடித்து ஒட்டிக்கொள்ளும். மேலே புழுதி படியும். கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆனால் ஒரே அழுக்கு இரண்டு மெஷினிலும்தானே படியணும்? ஒன்று மட்டும் பின்தங்குகிறது என்றால் இரண்டு சந்தேகம் வருகிறது. ஒன்று, அந்த இறக்கையின் முன்விளிம்பில் ஜெல் கோட் என்கிற மேற்பூச்சு அரித்துப் போயிருக்கும். மணலும் மழையும் அடித்து அடித்துக் குழி குழியாகிவிட்டால் அழுக்கு அங்கே நன்றாகப் பிடிக்கும், மழையிலும் முழுசாகப் போகாது. இரண்டாவது, கோணம். இந்தப் பழைய வகையில் இறக்கையை ஹப்பில் போல்ட் போட்டு நிறுத்தும்போது வைத்த கோணம்தான் ஆயுசுக்கும். அரை டிகிரி தப்பினாலும் சின்னக் காற்றில் தெரியாது, பெரிய காற்றில் காட்டிவிடும்.

மழைக்குப் பிறகு தெளிந்தால் அழுக்கு. மழை பெய்தும் அப்படியே இருந்தால் கோணம். பாதி தெளிந்து பாதி நின்றால் இரண்டும் இருக்கலாம், இல்லை அரிப்பாக இருக்கலாம். அப்பா நோட்டிலேயே இதற்குப் பதில் இருக்கும், எடுத்துப் பார்.

---

குழித்துறை_ஆற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, காற்றாலை இறக்கைக் கணக்குதான் என் பிழைப்பு. குழித்துறையில் பிறந்து இப்போது பெங்களூரில் இருக்கிறேன். உன் கேள்வியைப் படித்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் நீ வேகத்தைத் திருத்த மறுத்த இடம்தான் இதில் முக்கியமான இடம்.

முதலில் ஒரு வகுத்தல். ரோட்டர் மூடும் பரப்பு 0.126 சதுர மீட்டர். சுரங்கத்தின் குறுக்குப் பரப்பு 0.36. அடைப்பு 35 சதவீதம். திறந்த வெளியில் ரோட்டர் எதிர்த்து நின்றால் காற்றில் ஒரு பகுதி ஒதுங்கிப் பக்கவாட்டில் விலகிப் போய்விடும். உன் சுரங்கத்தில் ஒதுங்க இடமில்லை, சுவர் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதனால் ரோட்டர் வழியாகக் கூடுதல் காற்று போகிறது. காற்றின் திறனில் ரோட்டர் அதிகபட்சம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று பெட்ஸ் சொன்ன 59.3 சதவீத வரம்பு எல்லையில்லாத திறந்த வெளிக்கு எழுதியது, சுவருக்குள் அது செல்லாது. ஆக நீ அளந்தது பெட்டிக்குள் நிற்கும் ரோட்டர். கணக்குப் போட்டது பொட்டலில் நிற்கும் ரோட்டர். இரண்டு வேறு கேள்விக்கு இரண்டு வேறு பதில் வந்திருக்கிறது.

ஆசிரியர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். "சுவருக்குள் 8-இல் ஓடும் ரோட்டர், திறந்த வெளியில் இன்ன வேகத்தில் ஓடுவதற்குச் சமம்" என்று ஒரு கணக்கு உண்மையிலேயே உண்டு, காற்றியக்கவியல் அறிஞர் கிளாவர்ட் காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தச் சம வேகம் தள்ளுவிசையை, அதாவது காற்று ரோட்டரைப் பின்னால் தள்ளும் விசையைப் பொறுத்தது. விகிதம் 2-இல் ரோட்டர் காற்றை அவ்வளவாகத் தடுக்காது, திருத்தம் சிறிது. 5.5-இல் கிட்டத்தட்டத் தட்டு மாதிரி மறிக்கும், திருத்தம் பெரிது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே 9.3 போட்டால் நடுவில் மட்டும் பொருந்தும், இரண்டு ஓரமும் நீ சொன்ன அதே திசையில் விலகும். உன் விலகலே அடைப்புக்குச் சாட்சி.

நான் உன் இடத்தில் இருந்தால் அளவைத் திருத்த மாட்டேன், கணக்குக்குள் சுவரைக் கொண்டுவருவேன். சதுரச் சுரங்கம் வைத்தால் 120 பாகைத் துண்டு உதவாது, முழு ரோட்டரும் வேண்டும், கல்லூரிக் கணினி தாங்காது. அதற்கு ஒரு வழி: அதே பரப்புள்ள வட்டக் குழாயாக எடுத்துக்கொள். 0.36 சதுர மீட்டர் என்றால் விட்டம் 67.7 செ.மீ. இறக்கை முனைக்கும் சுவருக்கும் நடுவே 14 செ.மீ. கிடைக்கும், துண்டு அப்படியே வேலை செய்யும். சுவருக்கு வழுக்கும் எல்லை நிபந்தனை கொடு. வழுக்காத சுவராக வைத்தால், ரோட்டரோடு சுழலும் சட்டகத்தில் கணக்கு ஓடுவதால் வெளிச் சுவர் அதனோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பார்த்துக்கொள். அதை மறந்துவிட்டு இரண்டு நாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமான என்.ஆர்.இ.எல். 2000-இல் 10 மீட்டர் விட்டமுள்ள இரண்டு இறக்கை ரோட்டரை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 24.4-க்கு 36.6 மீட்டர் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. அவ்வளவு பெரிய சுரங்கம் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இதுதான், அங்கே அடைப்பு 9 சதவீதத்துக்குள். அளவு முடிவுகளைக் காட்டாமலே பல நாட்டு ஆய்வாளர்களிடம் கணித்துத் தரச் சொன்னார்கள். ஸ்டால் இல்லாத, காற்று நேராக வரும், மிக எளிய நிலையிலேயே திறன் கணிப்புகள் அளந்ததில் 25 சதவீதத்திலிருந்து 175 சதவீதம் வரை சிதறின. ஸ்டால் ஆன நிலையில் 30-லிருந்து 275 வரை. துறையில் ஊறியவர்களின் கணக்கே அப்படி வந்தது. அதை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதால்தான் அதற்குப் பின் வந்த முறைகள் தேறின. நீயும் 0.46, 0.29 இரண்டையும் அறிக்கையில் அப்படியே போடு.

இனி மணல். உன் இறக்கையின் முக்கால் ஆரத்தில் காற்றின் சார்பு வேகம் 25 மீட்டருக்குப் பக்கம், அகலம் 3 செ.மீ. ரெனால்ட்ஸ் எண் (வேகமும் அளவும் காற்றின் பிசுபிசுப்பை எவ்வளவு மிஞ்சுகின்றன என்று காட்டுவது) சுமார் 46,000. அப்பாவின் மெஷினில் அதே இடத்தில் அகலம் ஒரு மீட்டர், வேகம் 45 மீட்டருக்கு மேல் என்று வைத்தால் எண் 30 லட்சம் பக்கம். இரண்டும் ஒரே வடிவமாக இருந்தாலும் காற்றுக்கு வேறு வேறு பொருள்.

சின்ன எண்ணில் எல்லைப் படலம், அதாவது இறக்கைப் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு, சீராக, சோம்பலாக ஓடும். மேற்பரப்பின் சரிவில் அழுத்தம் ஏறத் தொடங்கியதும் எதிர்த்துப் போக அதற்குத் தெம்பில்லை, பிரிந்துவிடும். 4412 போன்ற வடிவம் 50,000-க்குக் கீழே தவிப்பது இதனால்தான். மணல் அந்தப் படலத்தைக் கலக்கிக் கொந்தளிக்க வைத்தது. மேலிருக்கும் வேகக் காற்று படலத்துக்குள் இறங்கித் தெம்பு கொடுத்தது, பிரிதல் தள்ளிப்போனது. திறன் கூடியது. பெரிய இறக்கையில் படலம் மணல் இல்லாமலே கொந்தளித்துவிடும். அங்கே அழுக்கு படலத்தைத் தடிப்பாக்கி இழுவையைத்தான் கூட்டும், ஸ்டாலை முன்னாலேயே வரவழைக்கும். உன் எஸ்.எஸ்.டி. கணக்கில் இது தெரியாது, அது மூக்கு நுனியிலிருந்தே கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. படலம் சீரான ஓட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறுவதைக் கணிக்கும் நிலைமாற்ற மாதிரி சேர்த்தால் தெரியும்.

ஏணிக்கார அண்ணாச்சி சொன்ன பூச்சி விஷயத்தில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2001-இல் கோர்ட்டென், வெல்ட்காம்ப் என்ற இருவர் நேச்சர் இதழில் எழுதினார்கள். மெலிந்த காற்றில் ஒட்டும் பூச்சி, அந்த நேரத்தில் காற்று முட்டும் புள்ளியைச் சுற்றித்தான் ஒட்டும். அதே மெலிந்த காற்றில் அந்த இடத்து அழுக்கு பெரிதாகக் கெடுக்காது. காற்று கூடும்போது தாக்கும் கோணம் கூடும், முட்டும் புள்ளி கீழே நகரும். உறிஞ்சு அழுத்தத்தின் உச்சி வந்து பூச்சி ஒட்டிய இடத்தில் உட்காரும். அப்போதுதான் இழப்பு. 7-இல் ஒன்றாக ஓடி 12-இல் பின்தங்கும் உன் அப்பாவின் மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

படலம் பிரிவதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. 9 செ.மீ. அகலத்தில் அதே வடிவத்தை நேர்த்துண்டாகச் செய்து, சுற்றாமல், 8 மீட்டர் காற்றில் நிறுத்து. ரெனால்ட்ஸ் எண் அதே 45,000 வரும். மேற்பரப்பில் சின்னச் சின்ன நூல் ஒட்டு. மணல் இல்லாமல் ஒரு தடவை, மணலோடு ஒரு தடவை.

---

பூதப்பாண்டி_ஆய்வகம் எழுதியது:

நான் 31 வருடம் திரவ இயக்கவியல் ஆய்வகத்தில் இருந்தவன். மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் சுவரைச் சேர்த்தாலும் கணக்கு உங்கள் 0.46-ஐத் தொடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அளவையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள்.

8 மீட்டரை எங்கே வைத்து, எப்போது அளந்தீர்கள்? ரோட்டர் ஓடும்போது அதற்கு ஒரு சாண் முன்னால் காற்று வேகம் அளக்கும் பிடோட் குழாய் இருந்திருந்தால், அங்கே காற்று ஏற்கெனவே தயங்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் 8 என்று படிப்பது உண்மையில் 8.2, 8.3. திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் போகிறது, அதனால் இது சின்னத் தவறில்லை. ரோட்டரைக் கழற்றிவிட்டு, சுரங்கம் குறுகும் பகுதியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை வேகத்தோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரோட்டரை மாட்டினாலும் அந்த வேறுபாட்டை வைத்தே வேகத்தை நிறுத்துங்கள்.

அழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்டும் மானோமீட்டரும் சாய்வானதாக இருக்க வேண்டும். 8 மீட்டர் காற்றின் இயங்கு அழுத்தம் வெறும் 37 பாஸ்கல், தண்ணீரில் 3.8 மில்லிமீட்டர். நேர்க்குழாயில் 0.2 மில்லிமீட்டர் கண் தப்பினால் திறனில் 8 சதவீதம் தப்பும். பத்துக்கு ஒன்று சாய்த்தால் அதே 3.8 குழாயில் 38 ஆக நீளும், நிம்மதியாகப் படிக்கலாம்.

தள்ளுவிசையையும் எடுங்கள். ரோட்டர் நிற்கும் தண்டின் அடியில் கீல் வைத்து, நெம்புகோலின் மறுமுனையைச் சமையலறை டிஜிட்டல் தராசில் உட்கார வையுங்கள். 300, 400 கிராம்தான் வரும். இறக்கை இல்லாமல் தண்டு மட்டும் நிற்கும்போது வருவதைக் கழித்துவிடுங்கள். தள்ளுவிசையை இயங்கு அழுத்தத்தாலும் ரோட்டர் பரப்பாலும் வகுத்தால் தள்ளுவிசைக் கெழு. அந்தக் கெழுவை 4-ஆல் வகுத்து, அடைப்பு விகிதத்தால் பெருக்கி, ஒன்றிலிருந்து அந்தக் கெழுவைக் கழித்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால், வேகம் எத்தனை பங்கு கூடியதற்குச் சமம் என்பது கிடைக்கும். கிளாவர்ட் திருத்தம் இதுதான். 35 சதவீத அடைப்புக்கு இதை முழுதாக நம்பக் கூடாது, கெழு 1-ஐ நெருங்கினால் உடைந்துவிடும். ஆனாலும் மூன்றாவது ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

---

தோவாளை_முல்லை எழுதியது (நான்கு வாரம் கழித்து):

அண்ணாச்சி, அண்ணா, சார், மூவருக்கும் நன்றி. தினமும் ராத்திரி இந்தப் பதில்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

சார் சொன்னது நடந்தது. பிடோட் குழாய் ரோட்டருக்கு 25 செ.மீ. முன்னால்தான் இருந்தது, ரோட்டர் ஓடும்போதுதான் 8 என்று வைத்திருந்தேன். குறுகும் பகுதியின் அழுத்த வேறுபாட்டை வைத்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். உச்சம் 0.42. அடுத்து 67.7 செ.மீ. குழாய்க்குள் கணக்கை ஓட்டினேன், 0.40 வந்தது. வெளிச் சுவர் சுற்றும் தவறை நானும் செய்தேன், அண்ணா எழுதியது ஞாபகம் வந்ததால் அரை நாளில் பிடித்துவிட்டேன். விகிதம் 2-இலும் 5.5-இலும் கோடுகள் இப்போது கூடவே போகின்றன, எந்த வேகத்தையும் நான் தொடவில்லை.

தள்ளுவிசை உச்சியில் 330 கிராம், கெழு 0.69. கிளாவர்ட் திருத்தப்படி வேகம் 11 சதவீதம் கூடியதற்குச் சமம். 0.42-ஐ அதன்படி குறைத்தால் 0.31. திறந்த வெளிக் கணக்கின் 0.29-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆசிரியரிடம் மூன்றையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழைய 0.46-ஐயும் அது ஏன் தவறு என்பதையும் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார்.

நூல் சோதனையும் செய்தேன். கடை நூல் தடிப்பாக இருந்ததால், எங்கள் தெருவில் பூக்கட்டுகிற நூலைப் பிரித்து ஒற்றை இழையாக எடுத்தேன். 9 செ.மீ. துண்டு, 8 பாகை சாய்வு. மணல் இல்லாதபோது பாதி அகலத்துக்குப் பின்னால் இருந்த இழைகள் எல்லாம் நிமிர்ந்து நடுங்கின, சில முன்பக்கம் திரும்பிக்கூடப் படுத்தன. மணல் ஒட்டியதும் கடைசி வரிசை தவிர எல்லாம் காற்றோடு படுத்துவிட்டன. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை விளக்காமலே, "இதில் காற்று ஒட்டிப் போகிறது, அதில் விட்டுப் போகிறது" என்று அக்கா சொன்னார்.

நிலைமாற்ற மாதிரி இன்னும் சரியாக ஓடவில்லை. அதனால் மணல் ஏன் உதவியது என்பதற்கு அறிக்கையில் நூல் படங்களை மட்டும் வைக்கிறேன், கணினி எண் எதுவும் தரவில்லை. மாதிரியில் நடந்ததைப் பெரிய மெஷினுக்குச் சொல்ல முடியாது என்று ரெனால்ட்ஸ் எண்ணோடு தெளிவாக எழுதிவிட்டேன்.

அப்பாவின் நோட்டு. போன வருடத்துப் பக்கங்களை எடுத்து, காற்று 12-லிருந்து 14 வரை இருந்த மணிகளை மட்டும் பிரித்தேன். மழைக்கு முந்தின இரண்டு வாரம் ஒரு பக்கம், பிந்தின இரண்டு வாரம் ஒரு பக்கம். மழைக்கு முன் மேற்கு மெஷின் பக்கத்து மெஷினைவிடச் சராசரியாக 38 கிலோவாட் குறைவு. மழைக்குப் பின் 15 குறைவு. அண்ணாச்சி, பாதி தெளிந்து பாதி நிற்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தார், என் கூட்டலில் ஒரு தப்பையும் கண்டுபிடித்துத் திருத்தினார். பிறகு, "அப்ப மிச்சம் 15 எங்கே போகிறது?" என்று கேட்டார்.

---

ஏணிக்காரன்_ஆரல் எழுதியது:

மக்களே, நல்ல வேலை செய்திருக்கிறாய். அந்த 15 அரிப்பா கோணமா என்று கீழே நின்று சொல்ல முடியாது. பண்ணைக்காரரிடம் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கச் சொல். அனுமதி தந்தால், அடுத்த தடவை அந்தப் பக்கம் கயிறு கட்டும்போது மூன்று இறக்கையின் முன்விளிம்பையும் நுனியிலிருந்து பாதி வரை படம் எடுத்துத் தருகிறேன். ஹப்பில் போட்ட கோணக் குறியையும் பார்த்து, பக்கத்து மெஷின் குறியோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் ஏற முடியாது, அதற்கு முன்னால் சொல்லணும்.